நான் வேண்டாமென்று சொன்ன கம்பெனிக்கே திரும்ப அப்ளை பண்ணலாமா?

சிங்காநல்லூரான்:

வணக்கம். கோவையில் டெஸ்ட் ஆட்டோமேஷன் வேலையில் இருக்கிறேன், ஏழு வருட அனுபவம். போன வருடம் சென்னையில், சோழிங்கநல்லூர் பக்கம் இருக்கிற ஒரு நடுத்தர புராடக்ட் கம்பெனியில் ஆஃபர் கிடைத்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பியும் விட்டேன். இங்கே ரிசைன் பண்ணியதும் மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். அவர்கள் தரும் சம்பளத்தை நாங்களே தருகிறோம், புது ப்ராஜெக்ட்டில் லீட் பொறுப்பும் உண்டு என்றார். சம்பளத்துக்காக மட்டும் நான் தங்கவில்லை. அப்பாவுக்கு அப்போதுதான் டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் காலையில் ஆஸ்பத்திரியில் விட்டு, நான்கு மணி நேரம் கழித்து அழைத்து வர வேண்டும். வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஜாயினிங் தேதிக்கு ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கும்போதே ஹெச்ஆருக்கு மெயில் போட்டு, வர முடியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நிலைமை வேறு. எங்கள் கிளையண்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, நான் ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல் பெஞ்சில் இருக்கிறேன். தம்பி பெங்களூரிலிருந்து ஊருக்கே வந்து வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் அப்பாவை அவன் கவனித்துக்கொள்கிறான். இந்த நேரத்தில் அதே சென்னைக் கம்பெனி, அதே டீமுக்கு ஆள் தேடுகிறது. நௌக்ரி வேலைத் தளத்தில் பார்த்தேன்.

அப்ளை பண்ணினால் மதிப்பார்களா? என்னை பிளாக்லிஸ்ட் பண்ணியிருப்பார்களா? வேறு மெயில் ஐடி வைத்துப் புது ஆள் மாதிரி போடு என்கிறான் ஒரு நண்பன். போர்ட்டலில் போடுவதா, ஹெச்ஆருக்கு எழுதுவதா, இன்டர்வியூ எடுத்த மேனேஜருக்கு எழுதுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வைகைக்கரை:

நேராகச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். நானும் இப்படி ஒரு கம்பெனிக்குத் திரும்பப் போட்டேன். போர்ட்டலில் போட்ட அன்றே, தகுதி பொருந்தவில்லை என்று தானாக ஒரு மெயில் வந்தது. முந்தைய தடவை நான்கு ரவுண்டு தேறி ஆஃபர் வாங்கிய அதே வேலைக்குத்தான் இந்தப் பதில். ஒரு தடவை மறுத்துவிட்டால் அவர்கள் கணக்கில் நாம் முடிந்துபோன ஆள். உங்கள் நேரத்தை வேறு இடங்களில் செலவழியுங்கள்.


பதினோராம்மாடி:

வைகைக்கரை சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த மெயிலை மனிதர் யாரும் பார்த்து அனுப்பியிருக்க வாய்ப்பு குறைவு. நான் டேலன்ட் அக்விசிஷனில், அதாவது கம்பெனிக்கு ஆள் எடுக்கிற பிரிவில், பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பெயரைத் தட்டினால் என் திரையில் என்ன வரும்? ஆள் எடுக்க நாங்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் வொர்க்டே, டாலியோ, சக்சஸ்ஃபேக்டர்ஸ் எதுவாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். எந்த வழியாக வந்தீர்கள் என்பது மேலே இருக்கும். நேரடியா, ரெஃபரலா (அங்கே வேலை பார்ப்பவரின் சிபாரிசு), கன்சல்டன்சியா (ஆள் தேடித் தரும் ஏஜென்சி). அதற்குக் கீழே ஒவ்வொரு ரவுண்டின் தேதி, பேனலில் யார் இருந்தார், அவர் எழுதிய இரண்டு மூன்று வரி. கடைசியில் நிலை. ஆஃபரை மறுத்தவர் என்றால் அதற்குப் பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. சம்பளம், ஊர், கவுன்ட்டர் ஆஃபர் (இருக்கிற கம்பெனியே ஏற்றித் தந்து தங்க வைப்பது), சொந்தக் காரணம் என்று நாலைந்து வகை. அதில் ஒன்றை உங்கள் ரெக்ரூட்டர் தேர்ந்தெடுத்திருப்பார். அவ்வளவுதான் உங்களைப் பற்றிய பதிவு. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அங்கே எதுவும் எழுதியிருக்காது.

'இனி எடுக்கக் கூடாது' என்ற குறி தனியாக இருக்கிறது, அது உண்மை. நான் பார்த்தவரை அது விழுவது போலி அனுபவச் சான்றுக்கு, திருத்திய பே ஸ்லிப்புக்கு, ஆன்லைன் இன்டர்வியூவில் வேறு ஆளைப் பேச வைத்ததற்கு. ஜாயினிங் அன்று காலை போனை அணைத்துவிட்டுக் காணாமல் போனவர்களுக்கும் சில கம்பெனிகள் போடுகின்றன. முன்கூட்டியே மெயிலில் சொல்லி விலகியவருக்கு அதைப் போடுவதை நான் பார்த்ததில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் திரும்ப வரலாம் என்கிற விதி இன்டர்வியூவில் தேறாதவர்களுக்கானது. தேறி ஆஃபர் வாங்கியவரை அது பெரும்பாலும் கட்டாது.

வேறு மெயில் ஐடி யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். போன் நம்பர் ஒத்துப்போகும், பிறந்த தேதி ஒத்துப்போகும், கடைசியில் பான் நம்பர் கேட்பார்கள். அப்போது இரண்டு பதிவும் ஒரே ஆள் என்று தெரிந்துவிடும். மறுத்தது ஒரு சாதாரண விஷயம். அதை மறைக்கப் பார்த்தார் என்பது உங்கள் பதிவில் ஏறினால் அதை நான் யாரிடமும் நியாயப்படுத்த முடியாது.

இன்னொன்று கேட்க வேண்டும். போன தடவை எந்த வழியாகப் போனீர்கள்? கன்சல்டன்சி மூலம் என்றால் குறிப்பிட்ட காலம்வரை உங்கள் ரெஸ்யூமே அவர்கள் கணக்கில் இருக்கும். ஆறு மாதம், சில ஒப்பந்தங்களில் ஒரு வருடம். அதற்குள் நீங்கள் நேரடியாகப் போய்ச் சேர்ந்தாலும் கம்பெனி அவர்களுக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கும். வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது இங்கே ரொம்ப நாளாக இருக்கிற கணக்கு. பதினெட்டு லட்சம் என்றால் ஒன்றரை லட்சம். இந்தச் சிக்கல் இருக்கிறது என்று தெரிந்தால் சில ரெக்ரூட்டர்கள் அடுத்த ரெஸ்யூமேவுக்குப் போய்விடுவார்கள். அதனால் முதல் மெயிலிலேயே எந்த வழியாக வந்தேன், எப்போது என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

ரெஃபரல் என்றால் முதலில் பேச வேண்டியது ரெஃபர் பண்ணியவரிடம். நீங்கள் சேரவில்லை என்பதால் அவருக்கு ரெஃபரல் போனஸ் கிடைக்காமல் போயிருக்கும். அதைவிட, 'உன் ஆள் வரலையே' என்ற பேச்சை அவர் கேட்டிருப்பார். அவருக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாக நுழையாதீர்கள்.


சிங்காநல்லூரான்:

ரொம்ப நன்றி மேடம். ரெஃபரல்தான். கல்லூரி சீனியர் ஒருவர். மறுத்தபோது அவரிடம் போனில் பேசினேன், ஆனால் அதற்குப் பிறகு தொடர்பு இல்லை. இன்று மாலை கூப்பிடுகிறேன்.


துரைப்பாக்கம்:

நான் மேஜையின் அந்தப் பக்கத்தில் இருப்பவன். ஆள் எடுக்கிற மேனேஜர். மேடம் சொன்னது சிஸ்டத்தில் என்ன இருக்கும் என்பது. மேனேஜரின் மனதில் என்ன இருக்கும் என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் முடிவு அங்கேதான் ஆகும்.

நீங்கள் சரி என்று கையெழுத்துப் போட்ட அன்று, இரண்டாவதாக இருந்தவரிடம் இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லியாயிற்று. உங்கள் நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்று வையுங்கள். அந்த மூன்று மாதமும் அந்த நாற்காலி காலி. ஆனால் வேலை திட்டத்தில் உங்கள் பெயர் ஏறிவிட்டது. எந்த ரிலீஸில் எந்த மாட்யூலை நீங்கள் எடுப்பீர்கள் என்று எக்செல்லில் போட்டாயிற்று, லேப்டாப்புக்கு டிக்கெட் போட்டாயிற்று. அறுபதாவது நாளில் உங்களிடமிருந்து மெயில் வருகிறது. இரண்டாவதாக இருந்தவரைக் கூப்பிட்டால் அவர் வேறு இடத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். புதிதாக வருபவருக்கும் மூன்று மாத நோட்டீஸ். இதற்குள் மார்ச் 31 வந்துவிட்டால் நிரப்பாத இடத்தை நிதித்துறை எடுத்துக்கொள்ளும், அந்த இடத்தை அடுத்த வருடம் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இத்தனை நாளும் உங்கள் பங்கு வேலையைச் செய்தது யார்? டீமில் இருக்கிற இன்னொரு டெஸ்டர். சனிக்கிழமைகளில் வந்து ரெக்ரஷன் (பழையவை உடையவில்லையே என்று பார்க்கும் டெஸ்ட்) ஓட்டியவர் அவர். இப்போது நீங்கள் திரும்ப அப்ளை பண்ணினால் டெக்னிக்கல் பேனலில் உட்காரப் போவதும் பெரும்பாலும் அவர்தான். இதை யாரும் யோசிப்பதில்லை. என் டீமில் ஒரு தடவை, மறுத்துப் போன ஒருவர் திரும்ப வந்தபோது, பேனலில் இருந்தவர் முதல் கேள்வியாகவே 'போன தடவை ஏன் வரவில்லை' என்றார். வந்தவர் நேராக, 'என் பக்கத்துக் காரணம் இது. அதனால் உங்கள் டீமுக்கு எவ்வளவு சிரமம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்' என்றார். அதற்குப் பிறகு பேச்சு வேலையைப் பற்றி மட்டும்தான் நடந்தது. அவரை எடுத்தோம், இன்றும் இருக்கிறார்.

இன்னொருவரை நான் வேண்டாமென்று சொன்னேன். அவரும் திறமைசாலிதான். ஆனால் போன தடவை எங்கள் ஆஃபரைக் காட்டி இன்னொரு இடத்தில் சம்பளத்தை ஏற்றிக்கொண்டவர், திரும்ப வந்த முதல் பேச்சிலேயே கையில் வேறு இரண்டு ஆஃபர் இருக்கிறது என்றார். மறுபடியும் அதே மூன்று மாதக் காத்திருப்பை என் டீமுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, மேனேஜருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த முறை நீங்கள் வந்து சேர்வீர்களா? போன முறை தடுத்த காரணம் இப்போது இல்லை என்பதைக் காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் விஷயத்தில் அது முடியும்.


நெல்லைச்சீமை:

எல்லோரும் ஏதோ இவர் குற்றம் செய்துவிட்ட மாதிரி பேசுகிறீர்கள். கம்பெனிகள் என்ன செய்கின்றன? 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆறரை லட்சம் என்று ஆஃபர் கொடுத்துப் பயிற்சியும் முடித்த புதியவர்களிடம், மூன்றரை லட்சத்துக்குச் சேர்கிறீர்களா என்று கேட்டது. எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்தி. ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஜாயினிங் தேதி எப்போது வரும் என்று வருடக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கல்விக் கடன் தவணை ஆரம்பித்துவிட்டது, வேலை ஆரம்பிக்கவில்லை. அவர்களிடம் எந்த ஹெச்ஆர் வந்து மன்னிப்புக் கேட்டார்?

அப்பாவுக்கு டயாலிசிஸ் என்பதற்காக ஒருவர் ஊரில் தங்கினார். அதற்கு ஏன் தலை குனிந்து கடிதம் எழுத வேண்டும்? தகுதி இருக்கிறது, இடம் இருக்கிறது, போடுகிறேன் என்று நிமிர்ந்து போடுங்கள் தம்பி.


துரைப்பாக்கம்:

உங்கள் கோபம் நியாயமானது. அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததை நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன். தலை குனியவும் நான் சொல்லவில்லை. எங்களுக்கு ஆன சிரமம் என்ன என்பது வந்தவருக்குத் தெரிந்திருந்தால் பேச்சு எளிதாகும் என்றுதான் சொன்னேன். பேனலில் இருக்கிற அந்த டெஸ்டர் கம்பெனி முதலாளி இல்லை, அவரும் நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்தான்.


பதினோராம்மாடி:

நெல்லைச்சீமைக்கு ஒரு வார்த்தை. மன்னிப்பை நானும் அதிகமாகக் கேட்கச் சொல்ல மாட்டேன். நிறைய மன்னிப்பு கேட்கிற மெயிலைப் படித்தால், இவர் சொன்னதைவிடப் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறதோ என்ற சந்தேகம்தான் எனக்கு வரும்.

இவர் மாதிரி திரும்பி வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதும் இல்லை. 2021, 22ல் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு மூன்று ஆஃபர் இருந்த காலம் நினைவிருக்கும். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப் போனவர்கள் விகிதம் 28.4 சதவீதம். அந்த வேகத்தில் ஆட்கள் இடம் மாறியபோது, ஆஃபரை வாங்கிக்கொண்டு வராமல் போனவர்களும் ஏராளம். அப்புறம் காற்று திசை மாறியது. 2023-24 நிதியாண்டில் அதே இன்ஃபோசிஸில் மொத்த ஆட்கள் எண்ணிக்கை 25,994 குறைந்தது, டிசிஎஸ்ஸில் 13,249 குறைந்தது. தாங்கள் மறுத்த கம்பெனி, தங்களை மறுத்த கம்பெனி என்று பார்க்காமல் எல்லோரும் எல்லாக் கதவையும் தட்டினார்கள். அப்போது திரும்பி வந்தவர்களில் எத்தனையோ பேரை நாங்களே எடுத்திருக்கிறோம். எங்களுக்கும் அதில் லாபம் இருக்கிறது. பழைய பேனல் மதிப்பீடு கையில் இருக்கிறது, சான்றிதழ்கள் ஏற்கெனவே பார்த்தவை. ஒரு வருடத்துக்குள் என்றால் சில இடங்களில் டெக்னிக்கல் ரவுண்டையே குறைத்துவிடுவார்கள்.


கல்லூரிச்சாலை:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். கேம்பஸில் கிடைத்த ஆஃபரை எம்.டெக் படிப்பதற்காக வேண்டாமென்று சொல்லப் போகிறேன். கேட் தேர்வு எழுதியிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து அதே கம்பெனிக்கு அப்ளை பண்ணலாமா?


பதினோராம்மாடி:

தாராளமாக. மேற்படிப்புக்காக மறுப்பது எங்களுக்கு மிகச் சாதாரணம், அப்போது நீங்கள் வேறு தகுதியோடு வேறு வேலைக்கு வருவீர்கள். உங்கள் கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அந்தக் கம்பெனி உங்கள் ஜூனியர்களை எடுக்க வருமா என்பதுதான் அவர்கள் கவலை. நீங்கள் சொல்லாமல் விட்டால் அது அவர்களுக்குப் பிரச்சினை ஆகும்.


உயர்நீதிமன்றவாசல்:

யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது என்பதால் சொல்கிறேன். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சேராவிட்டால் வழக்குப் போடுவார்களா என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். ஒருவரை வந்து வேலை செய்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. தனிநபரின் திறமையைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படி நிறைவேற்றச் சொல்ல முடியாது என்பது 1963ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 14ஆம் பிரிவிலேயே இருக்கிறது. நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் சேர்வதற்கு முன்பே விலகியவர் மேல், அவருக்காகப் பணம் எதுவும் செலவழிக்காத நிலையில், அதற்காக நீதிமன்றம் ஏறுகிற கம்பெனி அரிது. ஜாயினிங் போனஸை முன்கூட்டியே வாங்கியிருந்தால் அது வேறு கதை. அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், கொடுத்ததற்கு ஆதாரமும் வைத்திருங்கள்.

எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு கறுப்புப் பட்டியல் வைத்திருக்கின்றன என்ற பேச்சும் உண்டு. ஐடி கம்பெனிகளின் சங்கமான நாஸ்காம் 2006ல் தொடங்கிய நேஷனல் ஸ்கில்ஸ் ரிஜிஸ்ட்ரியைத்தான் பலர் அப்படி நினைக்கிறார்கள். அது அடையாளம், படிப்பு, பார்த்த வேலைகள் ஆகியவற்றைச் சரிபார்த்து வைக்கிற பதிவேடு. நீங்கள் சேராத கம்பெனியின் ஆஃபருக்கு அதில் வேலை இல்லை.


ஜூரோங்வாசி:

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்காக ஒரு தகவல். இங்கே ஆஃபரை ஏற்றதும் கம்பெனி எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (வேலை அனுமதி) விண்ணப்பிக்கும், கொள்கை அளவில் அனுமதி கிடைத்தால் ஐபிஏ என்ற கடிதம் வரும். அது வந்தபிறகு வேண்டாமென்றால், கம்பெனி அதை ரத்து செய்யச் சொல்லி, திரும்ப எடுக்கும்போது மொத்த விண்ணப்பத்தையும் புதிதாகப் போட வேண்டும், கட்டணமும் மறுபடி. அதனால் மறுப்பதாக இருந்தால் பாஸ் விண்ணப்பம் போவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. பிறகு திரும்பப் போகும்போது ஹெச்ஆர் முகம் மாறாமல் பேசுவார்கள்.


சிங்காநல்லூரான்:

சீனியரிடம் பேசினேன். ஒரு வருத்தமும் இல்லாமல் பேசினார். அதே மேனேஜர்தான் இருக்கிறார், நேராக அவருக்கே எழுது, ஹெச்ஆருக்கு நகல் போடு என்றார். கீழே இருப்பதுதான் நான் எழுதியிருக்கிற மெயிலின் சாரம். பார்த்துச் சொல்லுங்கள். இங்கிலீஷில்தான் அனுப்புவேன்.

'மதிப்பிற்குரிய ஐயா, போன வருடம் உங்கள் டீமில் எனக்குக் கொடுத்த வாய்ப்பை ஏற்க முடியாமல் போனதற்கு மிகவும் வருந்துகிறேன். அந்த முடிவு இன்றுவரை என்னை உறுத்துகிறது. என் தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கிய நேரம் அது. வாரத்தில் மூன்று நாள் நானே அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. என் தற்போதைய நிறுவனமும் என்னை விடவில்லை. இப்போது எங்கள் ப்ராஜெக்ட் முடிந்துவிட்டதால் நான் பெஞ்சில் இருக்கிறேன். உங்கள் டீமில் மீண்டும் இடம் இருப்பதாக அறிந்தேன். எனக்கு இன்னொரு வாய்ப்பு அளித்தால் நன்றியுடன் இருப்பேன். சம்பளம் எதுவானாலும் சம்மதம்.'


பதினோராம்மாடி:

கையில் பேனாவோடு உட்கார்ந்தேன், தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உறுத்துகிறது என்ற வரியை எடுங்கள். அப்பாவுக்காக எடுத்த முடிவுக்கு அந்த வார்த்தை வேண்டாம். 'என் நிறுவனம் என்னை விடவில்லை' என்பதையும் எடுங்கள். அதைப் படித்தால், நாளை அவர்கள் மறுபடி விடாவிட்டால் என்ன செய்வார் என்றுதான் தோன்றும். பெஞ்ச் என்பதைப் பொய் சொல்லி மறைக்க வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள். ஆனால் முதல் மெயிலில் அது வந்தால், வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவர் என்று படும். சம்பள வரியைக் கட்டாயம் எடுக்க வேண்டும். கேட்காத கேள்விக்கு நீங்களே உங்களைக் குறைத்துக்கொள்கிறீர்கள்.

அதோடு, போன வருடத்துக்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது எங்கேயுமே இல்லையே? லீட் பொறுப்பில் இருந்தீர்கள் அல்லவா? அதுதான் முதலில் வர வேண்டும்.


கைராட்டை:

நான் ஒன்று சொல்லலாமா? அப்பாவின் நோய் விவரம் அவ்வளவும் தேவையா? நானும் ஒரு ஆஃபரை மறுத்துத் திரும்பப் போனவள்தான். கர்ப்பமாக இருப்பது தெரிந்த சமயம், இரவு ஷிஃப்ட் வேலை, அதனால் மறுத்தேன். திரும்பப் போடும்போது அதை விவரமாக எழுத மனம் வரவில்லை. 'குடும்பச் சூழ்நிலையால் அப்போது சேர முடியவில்லை, அது இப்போது சரியாகிவிட்டது' என்று ஒரே வரி எழுதினேன். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. விவரம் கொடுத்தால் அதிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும். அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது, மறுபடி முடியாமல் போனால் லீவு போடுவீர்களா என்று ஆரம்பிப்பார்கள். அந்தக் கேள்விக்கு யாரால் உறுதி சொல்ல முடியும்? பெண்களிடம் இது இன்னும் மோசமாகப் போகும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதில் ஆரம்பித்து மாமியார் ஊர்வரை கேட்பார்கள்.


துரைப்பாக்கம்:

அக்கா சொல்வதில் பாதிக்கு நான் ஒத்துப்போகிறேன். மெயிலில் நோயின் பெயர் வேண்டாம். ஆனால் 'குடும்பச் சூழ்நிலை' என்று மட்டும் இருந்தால் என் மாதிரி ஆளுக்குப் போதாது, ஏனென்றால் வராமல் போகிற எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். இவருக்கு அந்தச் சமயத்தில் கோவையை விட்டு வர முடியாத நிலை, இப்போது தம்பி ஊரில் இருக்கிறார் என்ற இரண்டு தகவல் போதும். என்ன மாறியது என்பது தெரிந்துவிடும், நோயைப் பற்றிப் பேசவும் வேண்டியதில்லை.


கைராட்டை:

அது சரி. அந்த அளவுக்கு இருந்தால் எனக்கும் சம்மதம்.


பதினோராம்மாடி:

எல்லோரும் சொன்னதையும் சேர்த்து இப்படி எழுதலாம்.

'வணக்கம். போன வருடம் உங்கள் டீமில் ஆட்டோமேஷன் இன்ஜினியர் இடத்துக்கு நீங்கள் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தீர்கள். ஆஃபரை ஏற்றபிறகு நான் விலக வேண்டி வந்தது, அதனால் உங்கள் திட்டத்தில் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். வீட்டில் ஒருவரைக் கவனிக்க வேண்டியிருந்ததால் அப்போது கோவையை விட்டு நகர முடியவில்லை. இப்போது என் தம்பி நிரந்தரமாக ஊருக்கு வந்துவிட்டதால் சென்னைக்கு மாறுவதில் தடை இல்லை. இந்த ஒரு வருடத்தில் நான்கு பேர் கொண்ட டெஸ்ட் டீமுக்கு லீடாக இருந்தேன். செலினியத்தில் இருந்த பழைய ஸ்கிரிப்ட்களை பிளேரைட்டுக்கு மாற்றினோம். நீங்கள் விளம்பரத்தில் கேட்டிருப்பதும் அந்த அனுபவம்தான் என்று நினைக்கிறேன். நான் முன்பு உங்கள் ஊழியர் ஒருவரின் ரெஃபரல் மூலம் வந்தவன், அவருக்கும் தெரிவித்துவிட்டேன். உங்களுக்கு வசதியான நேரத்தில் பத்து நிமிடம் பேச முடியுமா?'

டீமின் எண்ணிக்கையையும் வேலை விவரத்தையும் நானாக யூகித்துப் போட்டிருக்கிறேன், உங்கள் உண்மையான விவரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். போர்ட்டலிலும் அதே பழைய மெயில் ஐடியில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் மேனேஜர் சம்மதித்தாலும் என்னால் ஃபைலை நகர்த்த முடியாது. வைகைக்கரைக்கு வந்த மாதிரி தானியங்கிப் பதில் வந்தாலும் கவலைப்படாதீர்கள், மேனேஜர் சொன்னால் ரெக்ரூட்டர் அதைத் திரும்பத் திறக்க முடியும்.


வைகைக்கரை:

திரும்பத் திறக்க முடியும் என்பது எனக்குத் தெரியாது. போர்ட்டலோடு நின்றுவிட்டேன், ஒருவருக்கும் எழுதவில்லை. அந்த டீமின் ஆர்க்கிடெக்ட் இன்னும் லிங்க்ட்இன்னில் என் தொடர்பில் இருக்கிறார். இந்த மெயிலை எனக்கேற்ற மாதிரி மாற்றி அவருக்கு அனுப்புகிறேன்.


சிங்காநல்லூரான்:

எல்லோருக்கும் நன்றி. மேனேஜர் இரண்டு நாளில் கூப்பிட்டார். முதல் கேள்வியே வீட்டில் எல்லோரும் நலமா என்பதுதான். தம்பி வந்துவிட்டதைச் சொன்னேன், அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. டெக்னிக்கல் ரவுண்டு ஒன்றுதான் நடந்தது. துரைப்பாக்கம் அண்ணா சொன்ன மாதிரியே பேனலில் டீமிலிருந்து ஒரு டெஸ்டர் இருந்தார். அவர் போன தடவையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முடியும்போது நானாகவே, நான் வராததால் உங்களுக்குக் கூடுதல் வேலை ஆகியிருக்கும் என்றேன். ஆமாம், கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு, எந்த மாட்யூலை நான் எடுக்க வேண்டியிருக்கும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது ஹெச்ஆர், போன வருடம் கொடுத்த அதே தொகையைத்தான் தர முடியும் என்கிறார். இங்கே கவுன்ட்டர் ஆஃபரில் அதே தொகையைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு ரூபாய்கூட ஏற்றம் இல்லை, சென்னையில் வாடகை வேறு. கேட்கலாமா, இல்லை இந்த நிலையில் கேட்பது தப்பாகுமா?


பதினோராம்மாடி:

கேட்கலாம், ஆனால் ஒரே தடவை, ஒரே தொகை. ஒரு வருட லீட் அனுபவம் கூடியிருக்கிறது, அதற்காக இவ்வளவு என்று சொல்லுங்கள். வேறு ஆஃபரைக் காட்டிக் கேட்காதீர்கள், உங்கள் விஷயத்தில் அது மட்டும் வேண்டாம். தர முடியாது என்றால் ஜாயினிங் போனஸாகவோ, சென்னைக்கு மாறும் செலவாகவோ தருவார்களா என்று கேளுங்கள். மாதச் சம்பளத்தில் கை வைப்பதைவிட ஒரு தடவைச் செலவுக்கு எங்களுக்கு அனுமதி எளிதாகக் கிடைக்கும். முடிவான தொகையோடு லெட்டர் கைக்கு வந்தபிறகு மட்டும் ரிசைன் பண்ணுங்கள். பெஞ்சில் இருப்பதால் நோட்டீஸைக் குறைத்துத் தரவும் உங்கள் கம்பெனி சம்மதிக்கலாம், கேட்டுப் பாருங்கள்.


துரைப்பாக்கம்:

சேர்கிற தேதியைச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள் தம்பி. இப்போதைய கம்பெனியில் சேர்ந்து எத்தனை வருடம் ஆகிறது? கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஐந்து வருடம் வேண்டும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று நம் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது, ஆனாலும் பல கம்பெனிகள் முழு ஐந்தைக் கேட்டு இழுத்தடிக்கும். அந்த நாள் பக்கத்தில் இருந்தால் அதைக் கணக்கில் எடுத்தே ஜாயினிங் தேதியைக் கொடுங்கள். நாங்கள் பத்துப் பதினைந்து நாள் கூடுதலாகக் காத்திருப்போம், அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் ஒரு தேதியைச் சொன்னபிறகு, உங்கள் விஷயத்தில், அதை மாற்றக் கேட்காதீர்கள்.


சிங்காநல்லூரான்:

ஐந்து வருடம் முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது அண்ணா. நாளை ஹெச்ஆரிடம் அதற்கு அடுத்த திங்கட்கிழமையைத் தேதியாகக் கேட்கிறேன்.